ஆபரா தெரியாமல் ‘ஃப்ரேசியர்’ பார்ப்பது எப்படி

‘ஃப்ரேசியர்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்க்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மூடிவைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதில் வரும் அண்ணனும் தம்பியும் ஆபரா (வசனத்தையும் பாட்டாகவே பாடும் மேற்கத்திய இசை நாடகம்), ஒயின், ஃப்ராய்ட், ஃப்ரெஞ்சு சமையல் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பின்னால் சிரிப்பொலி கேட்கிறது. நமக்கு மட்டும் ஒன்றும் எட்டவில்லை. ‘இது நமக்கானது இல்லை போல’ என்று தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்ற வேண்டியதே இல்லை என்பதை எனக்குத் தெரிந்தவரை விளக்கிச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வீடு தர்மபுரியில். எங்கள் வீட்டில் இந்தத் தொடருக்கு முதல் ரசிகர் என் அப்பா. காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஓர் ஆபராகூடக் கேட்டதில்லை. ஆனால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமோ அந்த இடத்தில் சரியாகச் சிரிப்பார். அவர் எப்படிப் பார்க்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததில்தான் இந்த வழிமுறையின் பாதி எனக்குக் கிடைத்தது. மீதிப் பாதி, பெண்ணாகரம் பக்கத்து ஊர்களில் விடிய விடியப் பார்த்த தெருக்கூத்திலிருந்து வந்தது.

தொடரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1993 செப்டம்பர் 16 அன்று தொடங்கி 2004 மே 13 அன்று முடிந்தது. 11 பருவங்கள், 264 அத்தியாயங்கள். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை 1994 முதல் 1998 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாங்கியது. ஃப்ரேசியர் கிரேன் ஒரு மனநல மருத்துவர்; சியாட்டில் நகர வானொலியில் நேயர்களுக்கு ஆலோசனை சொல்பவர். தம்பி நைல்ஸும் மனநல மருத்துவர்தான். இருவரும் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள், ஷெர்ரி குடிப்பவர்கள், எந்த உணவகத்தில் எந்த மேசை கிடைத்தது என்று பெருமைப்படுபவர்கள். இவர்களைப் பெற்ற அப்பா மார்ட்டின், இடுப்பில் குண்டடிபட்டு வேலையை விட்ட போலீஸ்காரர். பீரும் பேஸ்பாலும் எட்டி என்கிற நாயும் அவர் உலகம். அவர் தடியை ஊன்றிக்கொண்டு பெரிய மகன் வீட்டில் வந்து குடியேறுகிறார். கூடவே அவரைக் கவனித்துக்கொள்ள டாஃப்னி என்ற இங்கிலாந்துப் பெண் வருகிறாள். கதை அவ்வளவுதான்.

முதல் தடவை, நிறுத்தாமல்

கைபேசியைத் தள்ளி வையுங்கள். ஒரு பெயர் புரியவில்லை என்றதும் நிறுத்தித் தேடப் போனால் காட்சியின் தாளம் போய்விடும்; நகைச்சுவையில் தாளம் போனால் எல்லாம் போச்சு. பேச்சு வேகமாக இருப்பதால் ஆங்கில வசன வரிகளைத் திரையில் ஓடவிடுங்கள். தெரியாத பெயர் வந்தால் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டு மூன்றை மட்டும் கவனியுங்கள்: அதைச் சொல்பவர் யார், யார் காதில் விழவேண்டும் என்று சொல்கிறார், சொன்ன பிறகு யாருடைய முகம் மாறுகிறது.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஃப்ரேசியர் தன் வீட்டை அப்பாவுக்குச் சுற்றிக் காட்டுகிறார். விளக்கு லெ கார்புஸியே வடிவமைத்தது, நாற்காலி ஈம்ஸ் வடிவமைத்தது, சோபாவோ பாரிஸில் கோக்கோ ஷனேல் வைத்திருந்த சோபாவின் அச்சு அசலான நகல். ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று அப்பா பார்க்க, மகன் பாடம் எடுக்கிறார்: இந்த அலங்காரப் பாணிக்கு ‘எக்லெக்டிக்’ என்று பெயர், பொருள்கள் தரமானவையாக இருந்தால் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை, தாமாகவே சேர்ந்துகொள்ளும் என்கிறார். சற்று நேரத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலி வந்து இறங்குகிறது. பச்சையும் பழுப்புமாகக் கோடு போட்டது, கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா சுற்றியது. ‘இது இங்கே எதோடும் பொருந்தாதே அப்பா’ என்று மகன் பதறுகிறார். ‘தெரியும், எக்லெக்டிக்’ என்கிறார் அப்பா.

கார்புஸியே யார் என்று தெரியாமலேயே இந்தக் காட்சி முழுவதும் புரிகிறது அல்லவா? மூன்று பெரிய பெயர்களும் ஒரே காரியத்துக்காக வந்தவை: மகன் தன்னை உயரத்தில் நிறுத்திக்கொள்வதற்கு. ஒரே ஒரு சொல்லைத் திருப்பி வீசி, அப்பா அந்த ஏணியைத் தட்டிவிடுகிறார். என் அப்பா இதைப் பார்த்துவிட்டு, “பார்த்தியா கண்ணு, அவன் லத்தியாலேயே அவனைத் தட்டிட்டார்” என்றார். தொடரில் இப்படி நூறு இடம் வரும்.

பார்த்து முடித்த பிறகு, ஆசை இருந்தால், அந்தப் பெயர்களைத் தேடுங்கள். ஈம்ஸ் தம்பதியின் அந்தச் சாய்வு நாற்காலி 1956-இல் வந்தது. வளைத்த ஒட்டுப்பலகையும் தோலுமாக, உட்காருகிற உடம்பை நினைத்துச் செய்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் காட்சிக்கு இன்னொரு அர்த்தம் திறக்கும். புகழ்பெற்ற அந்த நாற்காலியும் அப்பாவின் ஒட்டுப்போட்ட நாற்காலியும் ஒரே வேலைக்கானவை: ஓய்வாகச் சாய்வதற்கு. தொடர் முழுவதும் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறவர் அப்பா ஒருவர்தான்.

கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல

எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையை விருத்தமாகப் பாடுவான். அதில் பாதிச் சொல் கூட்டத்துக்கு விளங்காது. அது ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் முன்னால் கட்டியங்காரன் நிற்கிறான். ‘ஐயா யாரு, எந்த ஊரு, எதுக்கு இந்தக் கத்தல்’ என்று நம்மூர்ப் பேச்சில் ஒரு கேள்வி போட்டு ராஜாவை மண்ணுக்கு இறக்கிவிடுவான். விருத்தத்தின் கம்பீரம் எவ்வளவு உயரமோ, அந்த இறக்கத்தில் சிரிப்பும் அவ்வளவு பெரிது. பாரதக் கதை நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் ஒரு சிரிப்பு கூடுதலாகச் சிரிப்பார்கள். தெரியாத பிள்ளைகளும் சிரிக்காமல் இருப்பதில்லை.

ஃப்ரேசியரில் மார்ட்டின்தான் கட்டியங்காரன். சில நேரம் டாஃப்னி, சில நேரம் வானொலியில் கூட வேலை செய்யும் ராஸ், சில நேரம் பேசாமல் முறைத்துப் பார்க்கும் அந்த நாய். ஒரு காட்சி தொடங்கியதும் ‘இங்கே விருத்தம் பாடுவது யார், கட்டியங்காரன் யார்’ என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்கத் தொடர் என்றதும் அதை மூடிக்கொள்ளாதீர்கள்.

இன்னும் பழைய உதாரணமும் தகடூரிலேயே, அதாவது பழைய தர்மபுரியிலேயே, உண்டு. அதியமானுக்காகத் தூது போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்டினான். ஔவையார் புகழ்ந்தார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள பெரிய மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ, பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. புறநானூற்றின் 95ஆம் பாடல் இது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் புகழ்ச்சி. தொண்டைமான் போரே பார்க்காதவன் என்பது கேட்கிற எல்லோருக்கும் விளங்கிவிடும். நைல்ஸும் ஃப்ரேசியரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் காட்சிகளை இந்தப் பாடலை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். பாராட்டு நீளமாகப் போகிறது என்றால் உள்ளே ஊசி இருக்கிறது.

எதைத் தேடுவது, எதை விடுவது

இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருகிற பெயர்களை எல்லாம் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை: அந்தப் பெயரை எடுத்துவிட்டு அதே இனத்தில் வேறொரு பெயரைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஒயினின் பெயருக்குப் பதில் இன்னொரு ஒயின், ஓர் உணவகத்துக்குப் பதில் இன்னொன்று. சிரிப்பு அப்படியே நிற்கிறது என்றால் அது அலங்காரம். விட்டுவிடலாம். ஒயின், துணிக்கடை, சியாட்டில் உணவகம், 1990களின் அமெரிக்கப் பிரபலம் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம். இவற்றின் பின்னால் ஓடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

சில குறிப்புகள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும். முதல் பருவத்தில் ஃப்ரேசியருக்கு உடம்பு சரியில்லாமல் போக, நைல்ஸ் வானொலியில் அண்ணன் இடத்தில் உட்காருகிறார். நேயர்களிடம், என் அண்ணன் ஃப்ராய்ட் வழி, நான் யுங் வழி, ஆகவே இன்று அம்மாவைக் குறை சொல்வது இருக்காது என்கிறார். ஃப்ராய்ட் எதற்கும் குழந்தைப் பருவத்தையும் பெற்றோரையும் நோக்கிப் போவார் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் இந்த ஒன்றைக் கொஞ்சம் தேடிப் படியுங்கள் என்பேன். உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்ட், யுங் என்ற இளைய மனநல மருத்துவரைத் தன் வாரிசு என்றே கருதினார். இருவரும் 1913 வாக்கில் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு தெரிந்தால், அண்ணனுக்கு ஃப்ராய்டையும் தம்பிக்கு யுங்கையும் கொடுத்தது எவ்வளவு யோசித்துச் செய்தது என்று புரியும். அப்பாவைப் போல நடந்துகொள்ளும் அண்ணன், அந்த நிழலிலிருந்து விலகத் துடிக்கும் தம்பி: 11 பருவங்களுக்கான பகை ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

‘தி பிக் பேங் தியரி’ என்ற நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்கும் இந்த ரகம் பழக்கமானது. முதல் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் ஷ்ரோடிங்கரின் பூனை வருகிறது. இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1935-இல் முன்வைத்த கற்பனைச் சோதனை அது. பெட்டியைத் திறக்கும்வரை பூனையை உயிரோடு இருப்பதாகவும் செத்ததாகவும் ஒருசேரக் கருத வேண்டும் என்று ஷெல்டன் பென்னிக்கு விளக்குகிறான். அவளும் லெனர்டும் பழகினால் நல்லபடி முடியுமா என்பதும் அப்படித்தான், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறான். குறிப்பும் விளக்கமும் பயனும் ஒரே காட்சியில். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடங்கிவைக்க இதுவே நல்ல இடம்.

மூன்றாவது ரகம்தான் உழைப்பைக் கேட்பது: பெயரை எடுத்துவிட்டால் கட்டடமே சரிந்துவிடும் ரகம். எட்டாம் பருவத்தில் ஓர் அத்தியாயம். சின்ன வயதில் தங்களுக்கு ஷேக்ஸ்பியரை அறிமுகப்படுத்திய நடிகர் ஜாக்சன் ஹெட்லி, இப்போது விண்வெளித் தொடர் ஒன்றில் இயந்திர மனிதனாக நடித்துக் காலம் தள்ளுகிறார் என்று சகோதரர்களுக்குத் தெரியவருகிறது. பதறிப்போய், அவரை மறுபடி மேடையேற்றப் பணம் போடுகிறார்கள். ஒத்திகையில் அவர் வாயைத் திறந்ததும்தான் தெரிகிறது, நடிப்பு சகிக்க முடியாதது.

மேலோட்டமாகவே இது சிரிப்பு வரவழைக்கும். ஆனால் ஹெட்லியாக நடித்திருப்பவர் டெரக் ஜாக்கபி. பிரிட்டனின் தலைசிறந்த ஷேக்ஸ்பியர் நடிகர்களில் ஒருவர். 1980-இல் பிபிசி எடுத்த ‘ஹாம்லெட்’டில் ஹாம்லெட்டாக நடித்தவர். மிக நன்றாகச் செய்யத் தெரிந்தவர், அதே காரியத்தை மிக மோசமாகச் செய்து காட்டுகிறார். இந்த ஒரு பாத்திரத்துக்காக 2001-இல் எம்மி வாங்கினார்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது: அத்தியாயத்தைப் பாருங்கள். பிறகு அந்தப் பழைய ‘ஹாம்லெட்’டில் ‘இருப்பதா, இல்லாமல் போவதா’ என்று தொடங்கும் தனிமொழியை மட்டும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். சில நிமிடம்தான். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லில் குரலை இறக்குகிறார் என்று காது கொடுங்கள். மறுபடி அத்தியாயத்துக்கு வாருங்கள். ஹெட்லி எதை எல்லாம் கெடுக்கிறார், ஒவ்வொரு கெடுதலும் எவ்வளவு துல்லியம் என்று இப்போது தெரியும். ஹாம்லெட் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை படிப்பதைவிட இது மேல். எப்போதுமே மூலத்தின் ஒரு துண்டைத் தொடுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். ஆபரா என்றால் வெர்டியோ புச்சீனியோ எழுதிய ஒரே ஒரு பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் ஏதோ ஒரு பெரிய துக்கம் என்று தெரியும். இந்த மனிதர்கள் ஏன் இதற்காக இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பதும் அதோடு சேர்ந்து தெரியும். சகோதரர்களின் அலட்டலுக்கு அடியில் உண்மையான காதல் ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறையாவது உணராமல் இந்தத் தொடரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

பெயரே சொல்லாமல் வரும் குறிப்புகளும் உண்டு. 1998 பிப்ரவரியில் வந்த, பனிச்சறுக்கு விடுதியில் நடக்கும் அத்தியாயம் முழுவதும் ஃப்ரெஞ்சு நாடக மரபான ‘ஃபார்ஸ்’ வடிவத்தில் கட்டியது. ஜார்ஜ் ஃபெய்தோ என்ற நாடகாசிரியர் உச்சத்துக்குக் கொண்டுபோன வடிவம்: நிறையக் கதவுகள், தப்பான அறை, தப்பான ஆள். நைல்ஸுக்கு டாஃப்னி மேல் ஆசை, டாஃப்னிக்குச் சறுக்குப் பயிற்சியாளன் மேல், அவனுக்கு நைல்ஸ் மேல், டாஃப்னியின் தோழிக்கும் நைல்ஸ் மேல், ஃப்ரேசியருக்கு அந்தத் தோழி மேல். மார்ட்டினுக்குக் காது அடைத்திருப்பதால் அவர் தப்புத் தப்பாகக் கேட்டுச் சொன்னதுதான் குழப்பத்துக்கு வேர். ஒரு தாளில் பெயர்களை வட்டமாக எழுதி அம்புக்குறி போட்டுக்கொண்டு பாருங்கள். ஒருவர் மேல் மட்டும் ஓர் அம்பும் வராது. அவர் யாரென்று அத்தியாயத்தின் கடைசியில் அவரே கண்டுபிடிப்பார். நான் வரைந்த தாளைப் பார்த்து அப்பா, “வழக்குக் கட்டு மாதிரி இருக்கு, ஆனா குற்றவாளி காது” என்றார்.

சேர்ந்து பார்க்கும்போது

தனியாகப் பார்ப்பதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்ப்பது நல்லது. அதிலும் வேறுவேறு வயது, வேறுவேறு படிப்பு உள்ளவர்கள். என் தம்பி டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுக்கொண்டே எங்களோடு பார்ப்பான். தெரிந்தவர் ஓடும்போதே விளக்கம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. யாராவது கேட்டால், அத்தியாயம் முடிந்த பிறகு, ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கேட்காதவருக்குச் சொல்லவே கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் தெரிந்தவர் மெல்ல மெல்ல ஃப்ரேசியராக மாறிவிடுவார், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இது ஏன் முக்கியம் என்பதைத் தொடரே முதல் பருவத்தில் காட்டுகிறது. மகன்கள் இருவரும் அப்பாவை நல்ல இடத்துக்குச் சாப்பிட அழைத்துப்போகப் புறப்பட்டு, கடைசியில் அவருக்குப் பிடித்த மாட்டிறைச்சிக் கடைக்குப் போக நேர்கிறது. கழுத்துப்பட்டை அணிந்து வந்தால் அதை வெட்டி விளையாட்டாகச் சுவரில் மாட்டும் கடை அது. சகோதரர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து நக்கல் செய்கிறார்கள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துகொள்கிறார். உங்கள் அம்மாவுக்கும் உயர்ந்த ரசனைதான், ஆனால் என்னையோ வேறு யாரையுமோ தாழ்வாக உணரவிட அவள் மனம் இடம் கொடுத்ததில்லை, இன்று உங்களைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை. தம்பி தட்டோடு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, “அக்கா, அதை இன்னொரு தடவை போடு” என்றான்.

அந்த அம்மா தொடர் தொடங்கும் முன்பே இறந்துவிட்டவர், அவரும் மனநல மருத்துவர். ரசனையும் பணிவும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கான சாட்சியாக அவரைத் தொடர் பின்னால் நிறுத்தியிருக்கிறது. குறிப்புகளைத் தேடிப் படிக்கும் வேலையில் இறங்குகிறவர்கள் இந்த அத்தியாயத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு குறிப்பு வருகிறது, யாரையும் கவிழ்க்காத குறிப்பு. ஃப்ரேசியர் வானொலியில் விடைபெறும்போது ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ‘யுலிசிஸ்’ கவிதையின் வரிகளைச் சொல்கிறார். போரும் பயணமும் முடிந்து ஊர் திரும்பிய கிழட்டு அரசன், சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் மறுபடி கடலேறுகிற கவிதை. 1833-இல், நெருங்கிய நண்பர் ஒருவர் இறந்த துக்கத்தில் டென்னிசன் எழுதி, 1842-இல் அச்சானது. மொத்தம் 70 வரி. அந்த அத்தியாயத்துக்கு முந்தைய நாள் வாய்விட்டுப் படித்துவிடுங்கள், இதற்கு மட்டும் முன்தயாரிப்பு தேவை. இத்தனை வருடம் பெரிய பெயர்களை ஏணியாக வைத்து ஏறியவர், இங்கே தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேறு வழியில்லாமல் ஒரு கவிதையைப் பிடித்துக்கொள்கிறார்.

நீங்களே எழுதிப் பார்க்க

குறிப்புகளைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதற்கு நல்ல சோதனை, ஒன்றை நீங்களே வைத்துப் பார்ப்பது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு சிறு நாடகம் எழுதலாம் என்று பதினோராம் வகுப்பு மாணவிகளிடம் சொன்னேன். கதை அவர்களே பிடித்தார்கள்: ஓசூரில் வேலை கிடைத்து, வார இறுதிகளில் பெங்களூரில் திரியும் அண்ணன் ஊருக்கு வருகிறான். காப்பிக்கொட்டை எந்த எஸ்டேட்டில் விளைந்தது என்று கேட்காமல் குடிக்க மாட்டான். வீட்டில் பாட்டி.

முதல் பிரதியில் அண்ணன் வாயில் ஊர்பேர் தெரியாத வெளிநாட்டுப் பெயர்களாக நிறைத்திருந்தார்கள். முன்வரிசையில் உட்காரப்போகிற தாய்மார்களில் யாருக்கு இது பாதியாவது தெரியும் என்று கேட்டேன். குறிப்பு வேலை செய்ய வேண்டுமென்றால், கூட்டத்தில் சிலருக்கு முழுதும், பலருக்கு அரைகுறையாகவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் அது ஆபரா. தர்மபுரியில் அது அதியமானும் ஔவையும். நெல்லிக்கனிக் கதை தெரியாத பிள்ளை இங்கே இல்லை. தூது போன கதையைத் தமிழாசிரியர்களும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அதன்பின் அவர்கள் எழுதிவந்த காட்சியை மாற்ற எனக்கு ஒரு சொல்லும் இல்லை. அண்ணன் கடன் வாங்கி உடற்பயிற்சிச் சாமான்களை வாங்கிக் கூடத்தில் அடுக்கியிருக்கிறான். ஆயுத பூஜைக்கு அவற்றுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். “எண்ணெய் போட்டு, மாலை போட்டு, துணி போத்தி, எவ்வளவு அழகா வச்சிருக்கே சாமி. உங்க தாத்தன் மண்வெட்டியும் இருக்குதே, வாய் மழுங்கிப் போயி கொல்லன் பட்டறையில கெடக்குது.” அவ்வளவுதான் வசனம். அண்ணன் ஒரு நொடி பெருமையாக நிற்கிறான், பிறகு முகம் மாறுகிறது.

மேடையில் அந்த வரிக்கு இரண்டு சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு முதலில், முன்வரிசையிலிருந்து. ஒரு மூச்சு தள்ளி, ஆசிரியர்கள் பக்கமிருந்தும் மூத்த மாணவர்கள் பக்கமிருந்தும் இன்னொன்று. பாட்டு தெரியாதவர்களும் முழுச் சிரிப்புச் சிரித்தார்கள். அவர்களுக்கு எதுவும் குறையவில்லை. எழுதும்போது இந்த வரிசையைக் காப்பாற்றுங்கள். முதல் சிரிப்பு எல்லோருக்கும் வர வேண்டும். இரண்டாவது சிரிப்பை மட்டும் நம்பி எழுதிய வரியை அடித்துவிடுங்கள்.

இன்னும் சில வேலைக் குறிப்புகள். குறிப்பு உள்ள வரியைப் படித்த பாத்திரத்துக்குக் கொடுக்காதீர்கள், பாட்டிக்குக் கொடுங்கள். பாட்டி அதைப் பாட்டென்று அறிந்தவளாகக் காட்டவும் வேண்டாம். ஔவையின் பெயரோ அதியமான் பெயரோ காட்சியில் எங்கும் வரக் கூடாது. பாட்டியாக நடிக்கிற பிள்ளை அந்த வரியைச் சிரிக்காமல், உண்மையாகவே மெச்சுகிற குரலில் சொல்லப் பழக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒத்திகையில் அதிக நேரம் பிடித்தது இதுதான்.

கடைசியாக, நாடகம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியைப் பிடித்து ‘இது புறநானூற்றுப் பாடலைத் தழுவியது’ என்று அறிவிக்க யாராவது ஆர்வத்தோடு கிளம்புவார்கள். அன்பாகத் தடுத்துவிடுங்கள். பாடலை ஒரு தாளில் எழுதிப் பிரதி எடுத்து வைத்திருங்கள். நாடகம் முடிந்தபின் வந்து கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம்.